பதினொரு கட்டங்கள்

ஏழரைக்கே கிளம்பி வந்தும்
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி எண்ணெய் டேங்கர்களை
இழுத்துக்கொண்டே போனது.
நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்.
எதையாவது எண்ணினால் தேவலை என்றிருந்தது.

போனில் உத்தரவு:
பத்து மணிக்குள் பட்டியல் வேண்டும்.
வந்தோர், வராதோர், வராததற்குக் காரணம்.
பள்ளியை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது.
அந்த எக்காரணத்தின் அடியில்
யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள்.

பதினான்கு பேரில் பதினொருவர்
ஆட்சியர் அலுவலக வாசலில், வெயிலில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்
என் வாசலில்.

"பெல் அடிக்கவாம்மா, வாணாவா?"
வாட்ச்மேன் தேசிங்கு.
அடிங்க என்றேன்.
அது ஒன்றுதான் யோசிக்காமல் செய்தது.

வந்த மூவர்:
சங்கத்தில் சேர முடியாத பகுதிநேர ஓவிய டீச்சர் மெஹருன்னிஷா,
ஓய்வுக்கு இருபத்தாறு நாள் இருக்கிற பி.டி. சார்,
பணி நிரந்தரமாகாத தமயந்தி.
தமயந்தி கைப்பையைக் கழற்றவே இல்லை.
"கருங்காலின்னு குரூப்ல போட்டிருக்காங்க மேடம்."
யார் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்தால் மறக்க வேண்டிவரும்.

தன்னார்வலர்களை வைத்துப் பாடம் நடத்தலாமாம்.
பி.எட். முடித்த பெண்கள் இருவர் கடிதத்தோடு நின்றார்கள்,
நல்ல காட்டன் புடவையில்.
கதை படியுங்கள், வாய்ப்பாடு கேளுங்கள்,
சத்துணவு வரிசையைப் பாருங்கள்,
கரும்பலகையில் மட்டும் எழுத வேண்டாம் என்றேன்.
எஸ்தர் பாக்கியம் வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட கணக்கு
அங்கே இருந்தது.
அவள் வந்து முடிக்கட்டும்.

பத்தே முக்காலுக்குக் குலசேகரனை அழைத்தேன்.
பின்னால் கோஷம், ஒலிபெருக்கியின் இரைச்சல்.
அவர் குரல் விறைத்துக்கொண்டது:
"திரும்பி வரச் சொல்றீங்களா டீச்சர்?"
இல்ல சார், லேப் சாவி எங்கே?
கொஞ்ச நேரம் கோஷம் மட்டும் கேட்டது.
"பீரோ மேல, பழைய குளோப் பக்கத்துல.
அப்புறம், எட்டாவது 'பி' சாமுவேலுக்கு
பதினொன்றரைக்கு வலிப்பு மாத்திரை.
கேக்க மாட்டான், நீங்கதான் கொடுக்கணும்."
கொடுத்தேன்.
தண்ணீர் குடிக்காமல் விழுங்கினான், சூரன் மாதிரி.

இருபது வருஷத்துக்கு முன்னால்
என்னையும் வேனில் ஏற்றி
ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
பொண்ணு மாப்பிள்ளை இல்லாத பந்தியில்
சாம்பார் சாதம்.
அந்த மாதம் என் பெயருக்கு நேரே
தலைமையாசிரியர் சிவப்பு மையில் இழுத்த கோடு
தாளைக் கிழித்து அடுத்த மாதத்தையும் தொட்டது.

பதிவேட்டைத் திறந்தேன்.
பதினொரு கட்டங்கள்.
மருத்துவ விடுப்பு என்று எழுதலாம்.
அவர்களே கேட்கவில்லை, அது பொய்யும்கூட.
ஒழுங்கீனம் என்றும் எழுதலாம்.
அது பெரிய பொய்.
'வேலைநிறுத்தம்' என்று
நீல மையில், அடங்கின எழுத்தில்,
பதினொரு முறை எழுதினேன்.
ஏழாவது முறை 'றுத்' தப்பாகி அடித்து எழுதினேன்.

நாலாம் நாள் முடிவுக்கு வந்தது.
ஜெயித்தார்களா என்றால்,
கமிட்டி போட்டிருக்கிறார்கள்.
காலை வழிபாட்டில் பேச எழுதி வைத்த தாள்
மடித்தபடியே இடுப்பில் இருந்தது.
இன்று செய்தி வாசிப்பது ஒன்பதாவது 'ஏ' என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியர் அறையில் தமயந்தியின் இரண்டு பக்கமும்
நாற்காலி காலி.
டீ டம்ளரோடு போய் ஒன்றில் உட்கார்ந்தேன்.
இன்னொன்று பன்னிரண்டு நாள் காலியாகவே கிடந்தது.
பிறகு எஸ்தர், ஒன்றும் பேசாமல்,
திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை அதில் வைத்தாள்.
ஆள் இன்னும் உட்காரவில்லை.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல்.
பதினொரு பேருக்கு நாலு நாள் பிடித்தம்.
என் வரியில் முழுச் சம்பளம்.
எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து.

சாமுவேல் இப்போது மாத்திரைக்கு
குலசேகரனிடமே போகிறான்.
குலசேகரன் எல்லாப் படிவமும் நேரத்துக்குத் தருகிறார்.
பதினோரு வருஷமாக டீச்சர் என்று கூப்பிட்டவர்
இப்போது மேடம் என்கிறார்.